பழைய வீடியோ கேம்களை மறுபடி ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, சிறுவயதில் ஆடிய வீடியோ கேம்களை ஒவ்வொன்றாக மறுபடி ஆடி, அவற்றுக்கு விமர்சனம் எழுதி வருகிறேன். படிப்பவர்களில் பாதிப் பேர் உறவினர்கள். மீதிப் பேர் மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வளர்ந்து இப்போது எங்கெங்கோ வேலை பார்ப்பவர்கள். கல்யாணப் பந்தியில் சந்தித்தாலும் தொலைபேசியில் அழைத்தாலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் போக்கிலேயே இருக்கின்றன. சிலவற்றில் கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

பழைய கேம் என்றால் எந்த வருடம் வரைக்கும், அண்ணா?

டிவியில் செருகி ஆடும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி ஜப்பானில் 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு அதன் மறுவடிவம் 1985இல் போனது. அதன் நகல்கள் டெல்டாவின் கடைத்தெருக்களை எட்டியபோது தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. 1985இல் செய்த கேமைப் பத்து வருடம் கழித்துப் புத்தம் புதிதாக ஆடியவர்கள் நாம். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் போடும் காலக்கோடு நமக்கு உதவாது.

என்னுடையது உள்ளூர்க் கணக்கு. 1992 மகாமகத்திலிருந்து 2004 மகாமகம் வரை இங்கே ஆடப்பட்டவை எல்லாம் பழைய கேம். டிவியில் செருகிய கேசட்டுகள், கம்ப்யூட்டர் சென்டரில் ஆசிரியர் டீ குடிக்கப் போனதும் திறந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, மாமாவின் நோக்கியாவில் நெளிந்த பாம்பு, பிரவுசிங் சென்டரின் ரோடு ராஷ், வைஸ் சிட்டி. அதற்குப் பின் வந்தவற்றைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம்.

எங்கள் வீட்டில் இருந்தது நிஜமான நின்டெண்டோதான் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். உண்மையா?

அப்பாவிடம் சண்டை வேண்டாம். கேசட்டின் அடியில் தெரியும் உலோகப் பட்டைகளை இரு பக்கமும் சேர்த்து எண்ணுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய நின்டெண்டோ கேசட்டில் 72 இருக்கும். ஃபேமிகாம் வகையில் 60. இங்கே கடைகளில் விற்றவை ஏறக்குறைய எல்லாமே 60 வகை நகல் பெட்டிகள். ஜப்பானிலிருந்து யாராவது கையோடு கொண்டுவந்திருந்தால் ஒழிய, உங்களுடையதும் நகல்தான்.

'9999 இன் 1' கேசட்டில் 9999 கேம் இல்லை என்பதையும் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே இருப்பவை சில கேம்கள்தான். அதே கேம் மூன்றாம் லெவலிலிருந்து தொடங்கினால் ஒரு பெயர், லைஃப் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொரு பெயர். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காண்ட்ரா பற்றிய கேள்வியில் இதை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

கேசட்டை வெளியே எடுத்து ஊதினால் ஏன் வேலை செய்தது?

ஊதியதால் இல்லை. எடுத்து மறுபடி செருகியதால். பட்டைகளும் பெட்டிக்குள் இருக்கும் ஊசிகளும் சரியாகத் தொடாமல் இருந்தவை, இரண்டாவது முறை தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். மூச்சில் இருக்கும் ஈரம் உலோகத்தை அரிக்கும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் பட்டைகள் பச்சை பூத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்துச் செருகுங்கள்.

வேதாரண்யத்தில் எங்கள் வீடு. கஜா புயலில் நனைந்த பெட்டி பரணில் கிடக்கிறது. அதற்கு உயிர் வருமா?

வரலாம். 2018 நவம்பருக்குப் பிறகு உங்கள் பக்கத்திலிருந்து இதே கேள்வி நிறைய வருகிறது. இந்த நகல் பெட்டிகள் பலவற்றில் முக்கியமான சில்லு, கரும்பிசின் பூசிய உருண்டையாகப் பலகையோடு ஒட்டியிருக்கும். அந்தப் பூச்சு நீரை ஓரளவு தாங்கும். பெரும்பாலும் கெடுவது செருகும் இடமும் சுவிட்சும் ஜாய்ஸ்டிக் ஒயரும்தான். டிவி ரிப்பேர் தெரிந்த எவராலும் இவற்றைச் சரிசெய்ய முடியும். உருண்டையே போய்விட்டால் பெட்டியை மறந்துவிடலாம்.

அடாப்டர் தொலைந்திருந்தால் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், ப்ளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்ற குறியும் பொருந்த வேண்டும். புயலுக்குத் தப்பிய பெட்டிகள் அடாப்டரால் செத்திருக்கின்றன.

பெட்டியெல்லாம் எதற்கு? போனில் எமுலேட்டர் போட்டு ஆடினால் ஆகாதா?

ஆகும். பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்தான் எமுலேட்டர். இந்தக் கேம்களுக்கு வலுவான கருவியே தேவையில்லை. ஃபேமிகாமின் வேலை நினைவகம் 2 கிலோபைட்; 2011இலிருந்து பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பே இதற்கு அதிகம். ஆனால் தொடுதிரையில் வரைந்த பொத்தான்களை வைத்து மாரியோவை எடை போடாதீர்கள். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்களோ அதைப் பொறுத்துக் குதிக்கும் உயரம் மாறுகிற கேம் அது. கண்ணாடியை அழுத்தும் விரலுக்கு அந்த அளவு பிடிபடாது. யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் மலிவாகவே கிடைக்கிறது.

சார், இது சட்டப்படி சரியா? நாளைக்குப் பிரச்சினை வராதே?

எமுலேட்டர் என்ற நிரலை வைத்திருப்பது குற்றமில்லை. கேமின் பிரதிதான் சிக்கல். 1985ஆம் ஆண்டின் கேம் இன்னும் பதிப்புரிமைக்குள்தான் இருக்கிறது. 'யாரும் விற்கவில்லை, அதனால் எல்லோருக்கும் சொந்தம்' என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. முறைப்படி வாங்கிய நிரலுக்கு, அது கெட்டுப்போனால் உதவும் என்று ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. நம்முடைய '9999' கேசட்டே திருட்டுப் பிரதி என்பதால் அந்தப் பிரிவைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது.

இன்றும் விற்பனையில் இருப்பதை வாங்கித்தான் விமர்சனம் எழுதுகிறேன். மாரியோ நின்டெண்டோ ஸ்விட்ச் சந்தாவில் இருக்கிறது. காண்ட்ராவை, அதைச் செய்த கொனாமி நிறுவனமே தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் கேம்களை விற்பதற்கென்றே இணையக் கடைகளும் இருக்கின்றன.

டக் ஹண்ட் துப்பாக்கி புது டிவியில் சுடமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

ஒன்றும் செய்ய முடியாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது பார்க்க மட்டும் செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். இதெல்லாம் பிக்சர் டியூப் வைத்த பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு. எல்இடி டிவி படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெள்ளை தோன்றுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது.

2006இலிருந்து அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி பரணில் இருந்தால் இறக்குங்கள், அது குழாய் டிவிதான். கேமைப் பற்றி என் கருத்து: பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒரே ஒரு வாத்து பறக்கும் ஆட்டத்தில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கால் வாத்தை நகர்த்தலாம். அண்ணன் சுட, தம்பி வாத்தை ஓட்ட, அது மட்டும் இன்றும் நன்றாக இருக்கிறது.

சின்ன வயதில் அநாயாசமாக முடித்த காண்ட்ரா. இப்போது இரண்டாம் லெவலைத் தாண்ட முடியவில்லை. வயதாகிவிட்டதா, மாப்பிள்ளை?

வயதாகிவிட்டதுதான். ஆனாலும் பழி முழுவதையும் வயதின் மேல் போட வேண்டாம், மாமா. நம் ஊர் டிவி நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. ஃபேமிகாம் கேம்கள் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. படம் மாறும் எண்ணிக்கையை வைத்தே அளக்கின்றன. எனவே நம் டிவிக்கு ஏற்றபடி செய்த பெட்டிகளில் கேம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியது. அங்கே 60 நொடியில் முடியும் ஓட்டம் இங்கே 72 நொடி. எதிரியின் தோட்டா நம் டிவியில் நிதானமாக வந்திருக்கிறது. இன்று எமுலேட்டர் அமெரிக்க வேகத்தில் ஓட, நீங்கள் அதை 'முன்பு ஆடிய அதே கேம்' என்று நினைத்து ஆடுகிறீர்கள்.

திருவையாற்றில் மிருதங்கம் வாசிக்கும் உறவினர் ஒருவருக்கு ஒரே லெவலை இரண்டு வேகத்திலும் போட்டுக் காட்டினேன். சுருதி அப்படியே இருக்கிறது, காலப்பிரமாணம் மட்டும் இறங்கிய கச்சேரி இது என்றார். அந்த வகைப் பெட்டிகளில் இசையின் சுருதி ஏறக்குறைய மாறாது, வேகம் மட்டும் குறையும். அதைத்தான் அவர் காதால் பிடித்தார். எமுலேட்டர் அமைப்பில் 'டெண்டி' என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். டெண்டி ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டி, நம் பெட்டிகளுக்கு நெருங்கிய உறவு.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே டக் ஹண்டைக் கெடுத்த அதே தாமதம் உங்கள் விரலையும் கெடுக்கிறது. டிவியில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். மற்றொன்று, அன்று உங்களிடம் மூன்று லைஃப் இருந்திருக்காது. மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று யாரோ ஒரு பெரியண்ணன் சொல்லிக் கொடுத்திருப்பார். அதை அழுத்தினால் 30 லைஃப். கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, அது தனக்கே கடினமாக இருந்ததால் சோதனைக்காக வைத்த குறியீடு அது. சில '9999' கேசட்டுகளில் அந்தச் சிரமமும் இல்லை, பட்டியலிலேயே 30 லைஃப் காண்ட்ரா தனியாக இருந்தது. மூன்று லைஃபில் காண்ட்ராவை முடித்தவர் நம் தெருவில் யாரும் இல்லை, மாமா.

மாரியோவில் ஆமையை மிதித்து லைஃப் ஏற்றிக்கொண்டே போனேன். அப்புறம் ஒரே சாவில் கேம் ஓவர். கேசட் கோளாறுதானே?

கேசட் ஒழுங்காகத்தான் இருந்தது. 3-1இன், அதாவது மூன்றாம் உலகத்து முதல் லெவலின், படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின் ஓட்டை மிதித்துக்கொண்டே இருந்தால் லைஃப் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கேம் அந்த எண்ணை எட்டு பிட்டில், அதாவது எட்டு 0/1 இலக்கங்களில், வைத்திருக்கிறது. அந்த எட்டில் ஒன்று, எண் மைனஸா என்று சொல்லும் பிட். 127 வரை சிக்கல் இல்லை. அதைத் தாண்டியதும் கேமின் கண்ணுக்கு உங்களிடம் இருப்பது மைனஸ் லைஃப். அடுத்த சாவில் ஆட்டம் முடிகிறது. பேராசைக்குத் தண்டனையாக யாரும் இதை எழுதிவைக்கவில்லை. சும்மா விட்டுப்போன பிழை.

மேகமும் புதரும் ஒரே படமாமே! இவ்வளவு பேர் புகழும் கேமில் இப்படி ஏமாற்றலாமா?

ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். 32 நிரலுக்கு, 8 படங்களுக்கு. உங்கள் போன் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் இதுபோல் பல கேம்களை அடைக்கலாம். அந்த இடத்துக்குள் 32 லெவல், கோஜி கோண்டோவின் இசை, தண்ணீர், கோட்டை எல்லாம் இருக்கின்றன. நான் இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், சிக்கனம் என்பேன்.

மறுபடி ஆடும்போது நான் வியந்தது புதரை அல்ல, முதல் லெவலின் முதல் சில நொடிகளை. எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லை. இடப்பக்கம் போகவே முடியாது. வலப்பக்கம் நடந்தால் ஒரு எதிரி வருகிறான், மேலே கேள்விக்குறிப் பெட்டி மின்னுகிறது. அதை இடித்தால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் முட்டி, உங்களிடமே திரும்புகிறது. ஆபத்து என்று நினைத்து நீங்கள் விலகினாலும் அது உங்கள் மேல் பட்டு, நல்லது என்று தெரியவருகிறது. ஆங்கிலம் தெரியாத தெருவே இந்தக் கேமை ஆட முடிந்தது இதனால்தான். மாரியோவை வடிவமைத்த மியாமோட்டோவும் தெசுகாவும் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இந்த மாதிரி கேமைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, தம்பி? போன் கேம் மாதிரிப் பைத்தியம் பிடிக்காதே?

தாராளமாகக் கொடுக்கலாம், அக்கா. நடுவில் விளம்பரம் வராது, பணம் கேட்காது. காண்ட்ரா முழுக்கச் சுடுவதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து பாம்பர்மேன், எக்ஸைட்பைக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு உங்கள் பொறுப்பு. எந்தக் கேமும் தானாகப் பிள்ளையைப் படிக்க அனுப்பாது.

எமுலேட்டரின் சேவ், ரிவைண்ட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு விமர்சனம் எழுதுகிறீர்களே, அது நியாயமா?

பயன்படுத்தியதைச் சொல்லிவிட்டு எழுதினால் நியாயம்தான். மின்வெட்டில் எட்டாம் உலக மாரியோவை இழந்த ஊர் இது. சேவ் என்பதை நமக்கு வரவேண்டிய பாக்கியாகவே பார்க்கிறேன். சாலையில் போய்க்கொண்டே இருக்கும் ரோடு ஃபைட்டருக்கு ரிவைண்ட் போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

சில கேம்களில் அது கேமையே அழித்துவிடும். ஜோர்டன் மெக்னர் 1989இல் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம்தான். அதன் சொந்த சேவ், மீதமிருக்கும் நிமிடங்களோடுதான் உங்களைத் திரும்ப விடும். வீணாக்கியது வீணானதுதான். முள் தரை மேல் விழுந்ததும் ரிவைண்ட் செய்தால், அந்தக் கடிகாரம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்த அசைவுகள் அவை. இளவரசன் ஓடி நிற்க நேரம் எடுப்பான், குதிக்குமுன் தயங்குவான். அந்தத் தயக்கமும் நிமிடக் கணக்கும் சேர்ந்துதான் பயம். ஒரு முறையாவது ரிவைண்ட் இல்லாமல் தோற்றுப்பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்தது கேமா, அந்தக் காலமா?

இதைத்தான் எல்லோரும் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். இரண்டையும் பிரிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் தனியாக ஆடுவேன். பிறகு, அந்தக் கேமைப் பார்த்தே இராத அக்கா பையனிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருவேன். கடைசியாக, அதே வருடங்களில் வந்து நான் சிறுவயதில் ஆடாத ஒரு கேமை ஆடி ஒப்பிடுவேன். நினைவு சேராத கேம் நன்றாக இருந்து, நினைவு சேர்ந்தது சப்பென்று இருந்தால், நான் இத்தனை நாள் கொண்டாடியது கோடை விடுமுறையை.

ரோடு ஃபைட்டர் இப்படித்தான் விழுந்தது. மோதினால் உயிர் போகாது, எரிபொருள்தான் குறையும் என்ற யோசனை நல்லது. அதற்குமேல் அதில் சரக்கு இல்லை. பாம்பு பாஸ். 1997இல் நோக்கியா 6110இல் டனேலி அர்மான்டோ வைத்தது. நீ வளர்ந்ததே உனக்கு இடைஞ்சல் என்ற ஒரே விதியில் நிற்கிறது. எல்லாவற்றிலும் மேலாக நின்றது நாம் 'டேங்க்' என்று அழைத்த பேட்டில் சிட்டி. நாம்கோ, 1985, 35 லெவல், லெவலுக்கு 20 எதிரி டேங்க். நாம் காக்க வேண்டிய கழுகுச் சின்னத்தை நம் தோட்டாவே உடைத்துவிடலாம், கூட்டாளியைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் நகரமுடியாமல் நிற்பான். அக்கா பையனும் அவன் நண்பனும் இரண்டாம் லெவலிலேயே எதிரியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெட்டியின் குறையைக் கேமின் தலையில் கட்டாமல் இருப்பதும் முக்கியம். காண்ட்ராவில் இருவர் சேர்ந்து சுட்டால் தோட்டாக்கள் மின்னி மறையும். திரையின் ஒரு வரிசையில் எட்டு நகரும் படத்துண்டுகளுக்கு மேல் ஃபேமிகாமால் காட்ட முடியாது. அதனால் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அது வரைந்தவரின் தவறு இல்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ராஜேந்திர சோழர் வந்துவிட்டாராமே. அதைப் பழைய கேம் கணக்கில் எழுதுவீர்களா?

இரண்டாகப் பிரித்து எழுதுவேன். 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்தியாவிலிருந்து யாருமே இல்லை. 'இந்தியர்கள்' என்ற ஒரே குடைக்குள் எல்லோரும் 2013இல்தான் வந்தார்கள். 2019இல் படங்களைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில்தான் திராவிடர்கள் தனிக் குலமாகவும், ராஜேந்திரன் தனிப் போர்த்தொடராகவும் வந்தார்கள். அடித்தளம் பழையது, சோழர் புதிது. இடம் தேர்ந்து, ஆடு தேடிப் பிடித்து, மரம் வெட்டி, சேனை திரட்டும் அந்த 1999ஆம் ஆண்டு விதிகள் இன்றும் இறுக்கமாக இருக்கின்றன. பழைய கேம் என்ற முறையில் அதற்கே என் பாராட்டு.

புதிய பகுதியில் வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி வீசும் வீரன் உண்டு, திரிசடை என்ற பெரிய கப்பல் உண்டு. கடற்படையும் காலாட்படையும் வலுவானவை, குதிரைப்படை மெலிந்தது. 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய அரசனுக்கு இந்த அமைப்பு பொருத்தம்தான். நாகப்பட்டினத்துக்காரர்கள் இதை ஆடிவிட்டுப் பத்துக்குப் பதினொன்று கொடுக்கச் சொல்கிறார்கள். ஊர்ப்பெருமை எனக்கும் உண்டு. ஆனால் பெருமையை ஒதுக்கிவைத்து, மேலே சொன்ன மூன்று சோதனைகளைத்தான் இதற்கும் வைக்கிறேன். கடலே இல்லாத வரைபடத்தில் இந்தக் குலம் தடுமாறுகிறது. அதை எழுதியதற்கு இரண்டு பெரியப்பாக்கள் இன்னும் பேசவில்லை.

மதிப்பெண் ஏன் போடுவதில்லை?

போட்டால் மேலே இருப்பதை யாரும் படிப்பதில்லை.

நான் ஆடிய கேமின் பெயரே தெரியாது. பாவாடை கட்டிய ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருப்பான். கண்டுபிடித்துத் தர முடியுமா?

ஹட்சன் 1986இல் வெளியிட்ட அட்வென்சர் ஐலண்ட். அவன் கட்டியிருப்பது தழைப் பாவாடை, எறிவது கல் கோடாலி. பழம் எடுக்காமல் ஓடினால் பலம் தீர்ந்து விழுந்துவிடுவான். அடுத்து அதிகம் கேட்கப்படுபவை: சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையம் தாண்டுவது சர்க்கஸ் சார்லி, பெங்குவின் பனியில் ஓடுவது அண்டார்டிக் அட்வென்சர், சுத்தியலால் பனிக்கூரையை உடைத்து மேலே ஏறுவது ஐஸ் கிளைம்பர்.

பெயரை நம்பாதீர்கள். '9999' கேசட்டின் பட்டியலில் ஒரே கேமுக்குப் பல பெயர்கள் இருந்ததை மேலேயே சொன்னேன். எனக்குத் தேவை வேறு தகவல்கள்: பக்கத்திலிருந்து பார்த்த கேமா, மேலிருந்து பார்த்ததா, திரை தானாக நகர்ந்ததா, இருவர் ஒரே நேரத்தில் ஆடினீர்களா, மாறி மாறியா, செத்தால் என்ன ஆகும். கூடவே அதன் பாட்டை முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்புங்கள். படம் மறந்தவர்களுக்குக்கூடப் பாட்டு நினைவிருக்கிறது. பாதி கேம்களை நான் அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.